மெயில் வரும்

எங்கள் ஊர்ப்பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ்தான். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி எங்கே போனாலும் "அக்கா ஆபீஸ் போயிருக்கா" என்றால் குச்சி அடுக்கவோ பெட்டி ஒட்டவோ போயிருக்கிறாள் என்று அர்த்தம். அம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருடம் ஆபீஸ் போனவள்தான். அவளுக்கு வேலை கிடைத்த கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அக்காவோடு போய் நின்றாளாம். கணக்குப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "குச்சி அடுக்கத் தெரியுமா?" என்றாராம். "தெரியும்." "அப்ப உள்ள போ." அவ்வளவுதான். தூக்குச்சட்டியை எங்கே வைப்பது என்று தேடியதற்குத்தான் கொஞ்ச நேரம் ஆனது என்பாள்.

அந்த "உள்ள போ"வை ஒரு ஐடி கம்பெனியில் கேட்க எனக்கு ஒன்பது மாதம் ஆனது. 2023 ஜூலையில் தொடங்கியது, 2024 ஏப்ரலில் முடிந்தது. ஆறு ரவுண்டு. சென்னைக்கு மூன்று தடவை ரயில். நடுவில் ஒரு புயல், ஒரு வெள்ளம். கம்பெனியின் பெயர் வேண்டாம். இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறேன் என்பது ஒரு காரணம். பெயரை மாற்றிப் போட்டாலும் கதை பெரிதாக மாறாது என்பது இன்னொரு காரணம்.

நான் 2019இல் இன்ஜினியரிங் சேர்ந்து 2023இல் முடித்தவள், இசிஇ என்கிற எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு. எங்கள் செட்டுக்குக் கொரோனா பேட்ச் என்று பெயர். இரண்டாவது செமஸ்டரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பக் கல்லூரிக்கு ஒழுங்காகப் போக ஆரம்பித்தபோது பாதிப் படிப்பு முடிந்திருந்தது. லேப் என்பதை யூடியூபில்தான் பார்த்தோம். பின்னால் எந்த இண்டர்வியூ பேனலுக்கு முன்னால் உட்கார்ந்தாலும், ரெஸ்யூமில் வருடத்தைப் பார்த்ததும் ஒரு சின்னச் சிரிப்பு வரும். "ஓ, கோவிட் பேட்ச்சா?" என்ன பதில் சொல்வது அதற்கு? "ஆமா சார்" என்பேன்.

கல்லூரிக்கு வந்த கம்பெனிகள் குறைவு. வந்தவர்களும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளில் சிலரை எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு முன் கிளம்பிவிட்டார்கள். ஆக, நாமே வெளியே தேடிப் போகிற ஆஃப் கேம்பஸ்தான் கதி. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் கூடாது. இந்த ஒரு வரியை வாட்ஸ்அப் குரூப்பில் எத்தனை விளம்பரத்தில் படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. எனக்கு அரியர் இல்லை. அந்த ஒன்றை வைத்தே எங்கள் தெருவில் நான் அறிவாளி.

முதல் ரவுண்டு மதுரையில் ஒரு கல்லூரியில். பூல் கேம்பஸ் என்பார்கள். பல கல்லூரிப் பிள்ளைகளை ஒரே இடத்தில் கூட்டித் தேர்வு வைப்பது. விடியற்காலை பஸ் பிடித்துப் போனேன். வாசலில் டோக்கன் கொடுத்தார்கள், 614. கம்ப்யூட்டர் லேபில் 90 நிமிடத் தேர்வு. ரயில் எத்தனை வினாடியில் நடைமேடையைக் கடக்கும், இரண்டு குழாய் நிரப்ப ஒரு குழாய் காலி செய்ய தொட்டி எப்போது நிறையும், நான்கு பேர் வட்ட மேசையில் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்பது மாதிரிக் கேள்விகள், அப்புறம் கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் சூடோ கோட் என்கிற மாதிரிப் புரோகிராம். வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். ரிசல்ட் எப்போது என்று ஒருத்தன் போய்க் கேட்டுவிட்டு வந்தான். "மெயில் வருமாம்" என்றான்.

அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். அப்போது அது தகவலாகத்தான் பட்டது.

மெயில் ஐந்து வாரம் கழித்து வந்தது, அதுவும் ஸ்பேமில். 48 மணி நேரத்துக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. நான் பார்த்தபோது 41 மணி நேரம் ஓடியிருந்தது. லாட்டரிப் பரிசு விழுந்தது, நைஜீரியாவில் சொத்து இருக்கிறது என்கிற மெயில்களுக்கு நடுவில் என் வேலை உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் முதலில் ஸ்பேம், அப்புறம்தான் இன்பாக்ஸ். இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

இரண்டாவது ரவுண்டு கோடிங், வீட்டிலிருந்தே. எங்கள் வீடு கடையோடு ஒட்டிய வீடு. அப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கேமரா ஓடும், மைக் ஓடும், தலையைத் திருப்பினால் எச்சரிக்கை வரும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அப்பா கடையை மூட மாட்டார். காலை வியாபாரம் போய்விடும். அதற்குப் பதிலாக "உள்ளே பரீட்சை நடக்கிறது, சத்தம் வேண்டாம்" என்று அட்டையில் எழுதித் தராசுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். முதல் அரை மணி நேரம் தெருவே கைச்சாடையில் சாமான் வாங்கியது. அப்புறம் கண்ணாடி போடாமல் வந்த ஒரு பெரியவர், "அண்ணாச்சி, அரைக்கிலோ சீனி!" என்று ஒரு சத்தம் கொடுத்தார். திரையில் சிவப்புக் கட்டம் வந்தது. பின்னணியில் வேறொருவர் குரல் கேட்கிறது, மறுபடி கேட்டால் தேர்வு நிறுத்தப்படும் என்று எச்சரிக்கை. காப்பியடிக்க எனக்கு உதவி செய்த குற்றச்சாட்டு அந்தப் பெரியவர் மேல். சீனிக்கும் நான் எழுதிக்கொண்டிருந்த புரோகிராமுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தச் சாஃப்ட்வேருக்கு யார் போய்ச் சொல்வது.

அதிலும் தேறிவிட்டேன். அக்டோபரில் சென்னைக்கு நேரில் வரச்சொல்லி மெயில்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி விடிந்ததும் எழும்பூர். துரைப்பாக்கத்தில் ஒரு பிஜி ஹாஸ்டலில் சித்தி மகள் இருந்தாள். அங்கே போய்க் குளித்து, அதற்கென்றே தைத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு, 899 ரூபாய் ஷூவில் கால் கடிக்க ஓஎம்ஆர் சாலையில் நடந்தேன். ஒன்பது மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். உள்ளே கூப்பிட்டபோது மணி நாலரை. ஏழரை மணி நேரம் ஒரு பெரிய ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி. ஏசி குளிரில் எல்லோரும் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாப்பிடப் போனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று யாரும் எழுந்திருக்கவில்லை. ஈரோட்டிலிருந்து வந்த ஒரு பெண் தன் தட்டையில் பாதியைத் தந்தாள். அவள் பெயரைக் கேட்டேன், இப்போது மறந்துவிட்டது. தட்டையில் பூண்டு நிறைய இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

இண்டர்வியூ 22 நிமிடம். "அதிகச் சம்பளம் வாங்குபவர்களில் இரண்டாவது யார் என்று கண்டுபிடிக்க எஸ்க்யூஎல் எழுது" என்றார்கள். டேட்டாபேஸில் தகவல் தேட எழுதும் மொழி அது. புதிதாக வேலை தேடுகிற யாரைக் கேட்டாலும் இந்தக் கேள்வியைச் சொல்வார்கள். முதலில் மிகப்பெரிய சம்பளத்தை எடு, அதைவிடக் குறைவானவற்றில் மறுபடி மிகப்பெரியதை எடு. அடுத்தடுத்த ரவுண்டுகளிலும் இதையே கேட்டார்கள், மொத்தம் மூன்று முறை. சம்பளமே வாங்காத ஒருத்தியிடம் முதல் ஆளைப் பற்றியாவது கேட்டிருக்கலாம்.

அப்புறம் ப்ராஜெக்ட். இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் விலைக்கு வாங்கியது. நான்கு பேர் சேர்ந்து பணம் போட்டு மதுரையில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கினோம். மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாகத் தண்ணீர் பாய்ச்சும் கருவி. நோடுஎம்சியூ என்கிற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, முள்கரண்டி மாதிரி இரண்டு கால் உள்ள சென்சார், பம்பைத் தானாகப் போட்டு அணைக்கும் ஒரு ரிலே, ஒரு குட்டி பம்ப். ரிப்போர்ட்டும் பைண்ட் செய்தே தருவார்கள். தமிழ்நாட்டில் எத்தனை பேர் இப்படிச் செய்கிறார்கள் என்பது இண்டர்வியூ எடுப்பவர்களுக்குத் தெரியாதா என்ன? அவர் ரெஸ்யூமில் "ஸ்மார்ட் இரிகேஷன்" என்பதைப் பார்த்ததும், "இன்னைக்கு இது அஞ்சாவது" என்றார். நான் படித்து வைத்திருந்த விளக்கத்தை ஒப்பித்தேன். அவர் கேட்கவில்லை, டைப் செய்துகொண்டிருந்தார். கடைசியில், "ஓகே. யூ வில் கெட் எ மெயில்."

இனி வருவது நவம்பர். நவம்பரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் சொல்ல வேண்டியது. ஒன்றுமே நடக்கவில்லை. தேர்ச்சியா, தோல்வியா, தெரியாது. வந்த மெயிலில் கையெழுத்திட்ட ரெக்ரூட்டருக்கு, அதாவது ஆள் எடுப்பவருக்கு, மூன்று மெயில் அனுப்பினேன். நான்காவதுக்கு அவர் இப்போது அங்கே இல்லை என்று தானியங்கிப் பதில் வந்தது. புதிதாக வந்தவர் என் மார்க் ஷீட்களை மறுபடி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அப்புறம் அவரும் மாறினார். ஒன்பது மாதத்தில் மூன்று ரெக்ரூட்டர்கள். மூவருக்கும் என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் தனித்தனியாகத் தேவைப்பட்டது.

வேலையில்லாமல் வீட்டில் இருப்பவருக்கு ஊரில் ஒரு அந்தஸ்து உண்டு. வேலைக்கு அலைகிறவருக்கும் உண்டு. நான் இரண்டும் இல்லாமல் "ப்ராஸஸ்ல இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைக்கு வருபவர்களுக்கு அது புரியவில்லை. "என்னம்மா, சொல்லிட்டாங்களா?" "இன்னும் இல்ல பெரியம்மா." "போன மாசமும் இதத்தான சொன்ன." அத்தை ஒரு நாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "பத்து மாசத்துல பிள்ளையே பொறந்துரும். அப்படி என்னத்தத்தான் கேக்காங்க உன்னய?" அம்மாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. மாடிக்குப் போய்விட்டேன்.

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அழுது முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் 12,000 ரூபாய்க்கு உடனே வரச்சொன்னார்கள். "பெரிய எடத்துல மூணு ரவுண்டு முடிச்சுட்டு இப்ப எதுக்கு?" என்றார் அப்பா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முடித்த ரவுண்டுகள் ஒவ்வொன்றும் காலில் கட்டிய கல் மாதிரி ஆகிவிடும். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தவர் ஆட்டோ பிடிக்க மாட்டார். இதற்கிடையே ஒரு கன்சல்டன்சியிலிருந்து ஃபோன். இரண்டு லட்சம் கட்டினால் அதே கம்பெனியில் பேக்டோரில் உள்ளே தள்ளிவிடுவார்களாம். அப்பா அந்த ஆளிடம் மிகப் பொறுமையாக, "இரண்டு லட்சம் இருந்தா நான் கடைய பெருசாக்கிப் பிள்ளைய முதலாளியா உக்கார வச்சுருவேனே தம்பி" என்றார்.

அந்த நவம்பரில் செய்த ஒரே உருப்படியான காரியம், பரணில் கிடந்த ப்ராஜெக்ட்டை இறக்கியது. சும்மா இருக்கப் பிடிக்காமல்தான். மாடியில் செம்பருத்தித் தொட்டியில் அந்தச் சென்சாரைக் குத்தி, பழைய ஃபோன் சார்ஜரில் இணைத்து ஓடவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய புரோகிராமை முதல்முறையாக வரி வரியாகப் படித்தேன். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. மூன்றாவது வாரம் தொட்டியில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும்போதே மண் காய்ந்துவிட்டதாகச் சொல்லி பம்பை ஓட்டியது. சென்சாரைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு கால் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது.

ஏன் என்று தேடிப் படித்தேன். ஈர மண்ணில் இரண்டு உலோகக் கால்களுக்கு இடையே ஒரே திசையில் விடாமல் மின்சாரம் ஓடினால் அது மின்னாற்பகுப்பு. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் படித்ததுதான். ஒரு காலில் உள்ள செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணுக்குள் போய்விடும். எந்நேரமும் மின்சாரம் கொடுக்காமல், அளக்கும் அந்த ஒரு நொடி மட்டும் கொடுத்து அணைத்துவிட்டால் ஆயுள் கூடும். உலோகம் மண்ணில் படாத வேறு வகைச் சென்சாரும் இருக்கிறது. பைண்ட் செய்த 62 பக்க ரிப்போர்ட்டில் இது எங்கேயும் இல்லை. கல்லூரியில் டெமோவுக்கு அது பத்து நிமிடம் ஓடினால் போதுமே.

டிசம்பர் முதல் வாரம் மேனேஜர் ரவுண்டு என்று மெயில் வந்தது. ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை, நேரில். நான்காம் தேதி இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மூன்றாம் தேதியே மிக்ஜாம் புயலின் மழை சென்னையில் தொடங்கியது. நான்காம் தேதி வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெருங்குடியும் தண்ணீரில். சித்தி மகள் பிஜியில் கரண்ட் இல்லாமல், ஃபோனில் மூன்று சதவீத சார்ஜை வைத்துக்கொண்டு "வராத" என்று ஒரே வார்த்தை அனுப்பினாள். ரயில் ரத்து. கம்பெனியிலிருந்து தகவல் எதுவும் இல்லை. எட்டாம் தேதி, "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று தொடங்கி, புதிய தேதி டிசம்பர் 19 என்று மெயில் வந்தது.

இதற்கு மேல் நடந்ததை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நான் சேர்த்துச் சொல்கிறேன் என்பார்கள். தூத்துக்குடி, நெல்லை ஆட்கள் சொல்ல மாட்டார்கள். டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாவட்டத்தில் மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. கோவில்பட்டி அந்த அளவுக்கு அடிவாங்கவில்லை என்றாலும் கடைக்குள் முழங்கால் தண்ணீர். அப்பாவும் நானும் அரிசி மூட்டைகளைக் கட்டிலுக்கு மேல் ஏற்றிக்கொண்டிருந்தோம். துவரம்பருப்பு ஒரு மூட்டை போனது போனதுதான். தூத்துக்குடியிலிருந்து ரயில் இல்லை. 18ஆம் தேதி சாயங்காலம் சிக்னல் கிடைத்த ஒரு பத்து நிமிடத்தில், ரயில் ஓடவில்லை, வெள்ளம், வேறு தேதி வேண்டும் என்று மெயில் அனுப்பினேன். வந்த பதிலை அப்படியே தமிழில் சொன்னால்: "உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம். நாளை 10 மணிக்கு உங்கள் வருகையை உறுதி செய்யவும்."

இரண்டாவது ரெக்ரூட்டர் அவர். கோபம் வந்தது, இப்போது இல்லை. அவருக்குக் கோவில்பட்டி எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. அவருடைய திரையில் நான் ஒரு வரி. அந்த வரியில் ஊர் என்று ஒரு கட்டம் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

ஜனவரியில் மறுபடி கூப்பிட்டார்கள். மேனேஜருக்கு ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். முந்தைய பேனல் என்ன எழுதியது என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. உன்னைப் பற்றிச் சொல், பலம் என்ன, பலவீனம் என்ன, இரண்டாவது அதிகச் சம்பளம் யார். எல்லாம் இங்கிலீஷில். அப்புறம் ப்ராஜெக்ட்டுக்கு வந்தார். சலிப்போடு, "இது எவ்வளவு நாள் ஓடுச்சு?" என்று தமிழில் கேட்டார்.

"மூணு வாரம் சார். அப்புறம் சென்சார் கால் அரிச்சிருச்சு."

கண்ணாடி நெற்றியிலிருந்து கீழே இறங்கியது. ஏன் அரித்தது என்றார். சொன்னேன். எப்படிச் சரிசெய்வாய் என்றார். அதையும் சொன்னேன். போர்டின் ஒரு பின்னிலிருந்தே சென்சாருக்கு மின்சாரம் கொடுத்து, மணிக்கு ஒரு முறை மட்டும் உயிர்ப்பித்து அளக்கிற மாதிரி மாற்றியிருந்தேன். அதைப் பேப்பரில் வரைந்து காட்டினேன். ப்ராஜெக்ட் நீங்களே செய்ததா என்று கேட்டார். இல்லை சார், வாங்கினது, போன நவம்பர்லதான் பிரிச்சுப் பார்த்தேன் என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவர் சிரித்தார். அடுத்த கால் மணி நேரம் அவர் வீட்டு மாடித் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் ஏன் அடைத்துக்கொள்கிறது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இவ்வளவு நீளமான ப்ராஸஸைத் திட்டுகிற நான், அது இழுத்தடித்திருக்காவிட்டால் இந்தப் பதில் என்னிடம் இருந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லப் போவதில்லை. கரைந்தது செம்பு, காத்திருந்தது நான்.

பிப்ரவரியில் ஹெட்ஃபோனில் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் இங்கிலீஷ் தேர்வு ஒன்று. மெஷின்தான் மார்க் போட்டது. அதைப் பற்றி வேறொன்றும் இல்லை.

மார்ச்சில் ஹெச்ஆர். மூன்றாவது சென்னைப் பயணம். என் வயதைவிட இரண்டு மூன்று வயதுதான் அதிகம் இருக்கும், நல்ல மாதிரிப் பெண். ரெஸ்யூமைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நீங்க 2023 மே பாஸ் அவுட். பத்து மாசம் கேப் இருக்கே, என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

உங்கள் இண்டர்வியூவில் இருந்தேன் என்பது நாக்கு நுனிவரை வந்தது. ஜூலையில் உங்கள் தேர்வு, செப்டம்பரில் உங்கள் தேர்வு, அக்டோபரில் உங்கள் நாற்காலி. வேலை தேவையாக இருந்தது. "அப்ஸ்கில்லிங் மேம்" என்றேன், திறமையை வளர்த்துக்கொண்டிருந்தேனாம். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் இரண்டாவது வாரம் ஆஃபர் மெயில் வந்தது. இந்த முறை ஸ்பேமில் இல்லை. வருடத்துக்கு மூன்றரை லட்சம். பிஎஃப், இன்ஷூரன்ஸ் எல்லாம் போகக் கையில் மாதம் 24,000 சொச்சம். கூடவே ஒரு பட்டியல். அதில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்தக் காலத்தில் வேறெங்கும் வேலை பார்க்கவில்லை என்று 20 ரூபாய் முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழி தர வேண்டும் என்று இருந்தது. கோர்ட் வாசலில் டைப் அடித்துக் கொடுத்தவர், "சும்மா இருந்ததுக்கு எதுக்கும்மா பத்திரம்?" என்றார். நோட்டரிக்கும் சேர்த்து 250 ரூபாய்.

அதையும் அப்பா எழுதினார். மதுரை பஸ்ஸிலிருந்து எல்லாவற்றையும் கடைக் கணக்கு நோட்டிலேயே எழுதி வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். எண்ணெய் மண்டி, அரிசி மண்டி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது போல எனக்கும் ஒரு பக்கம். தலைப்பில் "கம்பெனி". இடப்பக்கம் வரவு, காலி. வலப்பக்கம் பற்று, 11,460 ரூபாய். வெள்ளத்தில் அந்த நோட்டும் நனைந்திருந்தது, நீல மை பரவி ஜூலை மாதத்து எண்கள் சரியாகத் தெரியவில்லை.

இது நடந்து ஒன்றரை வருடம் கழித்து, போன மாதம் என்னை ஆள் எடுக்கும் ஒரு ட்ரைவுக்கு அனுப்பினார்கள். திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரி. இண்டர்வியூ எடுக்கிற அளவுக்கு நான் வளரவில்லை. டோக்கன் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது, பேனல் சொல்வதை ஷீட்டில் ஏற்றுவது என் வேலை. கடைசிக் கட்டத்தில் மூன்று வார்த்தைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். செலக்ட், ரிஜெக்ட், ஹோல்ட். மதியத்துக்குள் ஹோல்ட் நாற்பதைத் தாண்டியது.

ஹோல்ட் என்றால் என்ன அண்ணா என்று என் டீம் லீடிடம் கேட்டேன். எத்தனை பேர் வேண்டும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது என்றார். க்ளையன்ட் ப்ராஜெக்ட் உறுதியானால் ஆள் வேண்டும், ஆகாவிட்டால் வேண்டாம். ஆஃபர் வாங்கியவர்களில் ஒரு பகுதி வேறு இடம் போய்விடுவார்கள், அந்த ஓட்டையை அடைக்க ஆள் கைவசம் இருக்க வேண்டும். 2023இல் நீ வந்த சமயம் இன்னும் மோசம் என்றார். அது உண்மைதான். 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ்ஸில் 13,000க்கு மேல், இன்ஃபோசிஸில் ஏறத்தாழ 26,000, விப்ரோவில் 24,000க்கு மேல் ஊழியர் எண்ணிக்கை குறைந்தது. என் கம்பெனி இந்த மூன்றில் ஒன்றில்லை; ஆனால் பெரிய மரத்தில் காற்று அடித்தால் பக்கத்துச் செடியும் ஆடத்தானே செய்யும். கொரோனா சமயத்தில் அள்ளி எடுத்தவர்கள் அப்போது கையை மடக்கி வைத்திருந்தார்கள்.

"அப்ப ரிஜெக்ட்னே போட்டுரலாமே, பாவம் அவங்க வேற எடம் பாப்பாங்க" என்றேன். அவர் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. ரிஜெக்ட் என்று ஏற்றிவிட்டால் சிஸ்டம் ஆறு மாதத்துக்கு அந்தப் பிள்ளையை மறுபடி அப்ளை செய்யவே விடாது. "ஓரளவுக்கு நல்லா பண்ற பசங்களுக்கு நான் ஹோல்ட்தான் போடுவேன். கதவைச் சாத்த மனசு வராது." நல்ல மனதோடுதான் சொன்னார். என் பெயருக்கு நேரே நவம்பர் முழுக்க ஹோல்ட் என்று எழுதியிருந்தது யார், எந்த மனதோடு எழுதினார்கள் என்று அப்போது யோசித்தேன். விசாரிக்கவும் வழியில்லை. அந்த மூன்று ரெக்ரூட்டர்களும் எப்போதோ பேப்பர் போட்டுவிட்டு, அதாவது ராஜினாமா செய்துவிட்டு, போய்விட்டார்கள்.

சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு பையன் ஃபைலோடு தூணோரம் நின்றிருந்தான். ஷூ புதிது, குதிகாலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தான். அவன் பெயர் எனக்குத் தெரியும், நான்தான் ஏற்றினேன், ஹோல்ட். பக்கத்தில் வந்து, "அக்கா, ரிசல்ட் எப்ப சொல்லுவாங்க?" என்றான். ஷீட்டில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது என்று காலையிலேயே எச்சரித்திருந்தார்கள். சொல்ல என்னென்னவோ இருந்தது. வேற எடத்துக்கும் அப்ளை பண்ணு, இதையே நம்பிட்டு இருக்காத என்றாவது சொல்லியிருக்கலாம். லீட் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மெயில் வரும்பா" என்றேன்.

தலையாட்டிவிட்டு நாலு எட்டு போனவன் திரும்பி வந்தான்.

"ஸ்பேம்லயும் பாக்கணுமாக்கா?"

"பாரு. தினம் பாரு."